மர்ம நோயும் மாதிரிப் போத்தலும்

எமது தமிழ்ப் பத்திரிகைகளின் பிராந்தியச் செய்திப் பக்கங்களில் சில தலைப்புகள் மாரி காலந்தோறும் தவறாது வந்துபோகின்றன. 'மர்ம நோயினால் மாடுகள் உயிரிழப்பு' என்பது அவற்றுள் ஒன்று. நெடுங்காலம் இத்தொழிலில் இருப்பவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்வேன். அச்செய்திகளில் பெரும்பாலானவற்றில் மர்மம் என்று எதுவுமே இல்லை. இறந்த விலங்கிலிருந்து எவரும் மாதிரி எடுக்கவில்லை, அல்லது எடுத்த மாதிரி ஆய்வுகூடத்தைச் சென்றடைவதற்கு முன்னரே அழுகிவிட்டது என்பதே அத்தலைப்பின் உண்மையான பொருள்.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்து சென்ற நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஓரிரு இரவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. தொற்றுநோய் பரவிவிட்டதென ஊர்கள் தோறும் கதை எழுந்தது. இறைச்சி கொண்டு செல்வதற்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. இறந்த விலங்குகளின் மாதிரிகள் பரிசோதிக்கப்பட்ட பின்னரே, திடீர்க் குளிரைத் தாங்கமாட்டாமல் அவை இறந்தன என்ற விளக்கம் வந்தது. பல நாள் பீதியை அடக்கியது அமைச்சரின் உரையன்று. சில போத்தல்களில் அடைத்து அனுப்பப்பட்ட திசுத் துண்டுகளே.

இதற்கு மறுதலையான அனுபவமும் எமக்கு உண்டு. 1987 இல் இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் வெக்கை நோய் இத்தீவுக்குள் மீண்டும் நுழைந்தது. பல தசாப்தங்களாக இங்கு இல்லாதிருந்த நோய் அது. வாய்ப்புண்ணும் கழிச்சலும் வேறு நோய்களிலும் வருவதால் கண்ணால் பார்த்து மட்டும் அதனை உறுதிசெய்ய இயலாது. 1994 வரை அது இங்கிருந்து முற்றாக அகலவில்லை. ஏ9 பாதையில் மனிதருக்கே போக்குவரத்து இல்லாத காலம் அது. அந்நிலையில் பனிக்கட்டியில் வைத்த மாட்டு இரத்தம் எப்படிப் பேராதனை போயிருக்கும்? அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2011 இல் அறிவிக்கப்பட்டபோது, அச்செய்திக்கு எமது ஏடுகள் ஒதுக்கிய இடம் மிகச் சொற்பம்.

மாதிரி எடுப்பதென்பது இறந்த உடலில் ஒரு துண்டை வெட்டிப் பொலித்தீன் பையில் போடுவதன்று. எந்த நோயைச் சந்தேகிக்கிறோம் என்பதைப் பொறுத்தே எதை எடுப்பது, எதில் வைப்பது என்பது தீர்மானமாகும். போமலினில் இட்ட திசு நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பதற்கு உகந்தது. ஆனால் அதிலிருந்து கிருமியை வளர்த்தெடுக்க இயலாது, போமலின் அதனைக் கொன்றுவிடும். ஆகவே ஒரே ஈரலின் ஒரு துண்டு போமலினுக்கும் இன்னொரு துண்டு பனிக்கட்டிக்கும் போகவேண்டும்.

தொண்டை அடைப்பான் நோயில் இறந்த எருமை வெயிலில் கிடந்து ஊதிப்போனாலும் ஒரு வழி உண்டு. நீண்ட எலும்பொன்றைத் தசை நீக்கி அனுப்பினால் போதும். உடலில் கடைசியாக அழுகுவது எலும்பின் மச்சையே. இந்நோய் பற்றிய முக்கியமான ஆய்வு நூலொன்று 1999 இல் அவுஸ்திரேலியாவில் வெளியானது. அதனை எழுதிய டி அல்விஸ் எமது நாட்டு மிருக வைத்திய அறிஞர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மாறாக, அந்திராக்ஸ் எனப்படும் அடைப்பான் என்ற ஐயம் இருப்பின் உடலைத் திறக்கவே கூடாது. திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்திகளாக மாறி, அந்த மண்ணில் பல தசாப்தங்கள் உறங்கிக் கிடக்கும். காதோரத்து நாளத்திலிருந்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி அனுப்புவதே முறை. திடீரென விழுந்து இறந்த மாட்டை அவசரமாக உரித்து ஊருக்கெல்லாம் பங்கிடும் வழக்கத்தை இந்த இடத்தில் நினைத்துப்பார்க்கவேண்டும்.

விசர்நாய்க்கடி விடயம் இன்னும் பாரதூரமானது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு முந்நூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன நோய் இன்று முப்பதளவுக்குக் குறைந்திருக்கிறது. எஞ்சியுள்ள இம்மரணங்கள் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடியவை. கடித்த நாயை உடனே அடித்துக் கொல்வதே எமது ஊர் வழக்கம். அதிலும் தலையிலேயே அடிப்பார்கள். பரிசோதனைக்குத் தேவைப்படுவதோ சிதையாத மூளை! பிடிக்க முடியுமாயின் கட்டிவைத்துப் பதினான்கு நாட்கள் கண்காணிக்கவேண்டும். இறந்துவிட்டால் தலையைக் கசியாதபடி பொதிசெய்து, பனிக்கட்டியிட்ட றெஜிபோம் பெட்டியில் வைத்துத் தாமதமின்றி அனுப்பவேண்டும். வெறுங்கையால் தொடுதல் ஆகாது. கடிபட்டவர் முடிவு வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கவும் கூடாது. காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இவையனைத்தும் எமது மிருக வைத்தியர்கள் அறியாதவையல்ல. அவர்களிடம் அறிவு உண்டு. வாகனமும் எரிபொருளும் பனிக்கட்டியும் இருப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கன்னொறுவை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். பிரதேச அலுவலகம் ஒன்றின் மாதிரிப் பெட்டி இரவு பஸ் நடத்துநரின் கையில் கொடுத்து அனுப்பப்பட்டதையும், மறுநாள் அதைப் பெற்றுக்கொள்ள எவரும் வராததையும் நான் அறிவேன். பெயர் சொல்லி அந்த அலுவலகத்தைக் குறைகூறுவதில் பயனில்லை. அந்த அதிகாரிக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆய்வுகூட முடிவென்பது நோயறிதலுக்கு மட்டும் உரியதல்ல. அது ஒரு சாட்சியம். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். மேய்ச்சல் தரை பறிபோவதையும் தமது மாடுகள் கொல்லப்படுவதையும் அவர்கள் முறையிட்டார்கள். மாடு சுடப்பட்டு இறந்ததா, மின்சாரம் தாக்கியதா, நஞ்சு வைக்கப்பட்டதா, நோயா என்பதைப் பொலிஸ் நிலையத்தில் வாய்ச்சொல்லால் நிறுவ முடியுமா? உரிய நேரத்தில் எடுக்கப்பட்ட இரைப்பைப் பொருளும் ஈரல் துண்டும் உடற்கூற்று அறிக்கையும் இல்லாத ஏழைப் பண்ணையாளன் நட்டஈடு கேட்டு எங்கு போவான்? காட்டோரம் கிடக்கும் உடலை வைத்தியர் சென்றடைவதற்குள் நரியும் நாயும் சாட்சியத்தைத் தின்று முடித்துவிடுகின்றன. அந்த நிலையில் 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதுவது பலருக்கு வசதியாகவும் இருக்கிறது.

செலவைப் பற்றிப் பேசுவார்கள். பனிப்பெட்டிகளும், வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் மாதிரிகளை ஏற்றிச் செல்ல ஒரு வாகனமும் அரசாங்கத்தைக் கடனாளியாக்கும் செலவுகளல்ல. மாகாண சபையா மத்திய திணைக்களமா இதற்குப் பொறுப்பு என்ற பழைய தர்க்கத்தை மாடுகள் அறியா. 2020 இல் தோலில் கட்டிகள் எழும் லம்பி ஸ்கின் நோய் வடக்கில் தலைகாட்டியபோதும், 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மேல் மாகாணத்தில் பரவியபோதும், ஒவ்வொரு நாள் தாமதமும் ஒரு பட்டியை அடுத்த பட்டியுடன் சேர்த்துவிடும் என்பதைப் பண்ணையாளர்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

இன்னொரு விடயம். மாதிரியைக் கொடுத்தவனுக்கு முடிவு திரும்பி வருவதில்லை என்ற முறைப்பாட்டைக் கிளிநொச்சியிலும் கேட்டேன், வாகரையிலும் கேட்டேன். அறிக்கை ஏதோ ஒரு கோப்பினுள் இருக்கும். அவனோ அடுத்த மாடு இறந்தால் எவருக்கும் சொல்லாமல் குழி வெட்டுவான். ஆய்வுகூட அறிக்கையின் ஒரு பிரதி, உரிமையாளருக்கு விளங்கும் மொழியில், அவர் கையில் கிடைக்கவேண்டும் என ஒரு சுற்றுநிருபம் வெளியிடுவதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை. இந்த மாரி தொடங்குமுன் அதைச் செய்யலாம்.