தணல் வாசலோடு நிற்கட்டும்



ஆண்டு முடிவில் மழை பிடித்துக்கொண்டால் கேமரன் மலையில் குளிர் எலும்பைத் துளைக்கும். 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. சமவெளித் தோட்டங்களிலிருந்து அங்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்களுக்கு இது பெருஞ்சோதனைதான். ஆனால், வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள அதிகப் பணம் தேவையில்லை.

பகலில் ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள். வெயில் சாயும் முன்பே அடைத்துவிடுங்கள். கதவுக்கு அடியில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்தால் குளிர்காற்று நுழையாது. ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். சிமெண்டுத் தரை உடல் சூட்டை இழுத்துவிடும். ஆகவே பாய்க்கு அடியில் அட்டையோ பழைய செய்தித்தாளோ விரியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. கரி அடுப்பைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்று வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்குபவர் எழாமலே போய்விடலாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், பிள்ளைகளோடு உடனே வெளியே வந்து 999-ஐ அழையுங்கள்.

குளிர் தாங்கவில்லையா? பிள்ளைகளுக்குக் காலுறை மாட்டி, இன்னொரு கம்பளியைப் போர்த்துங்கள். கம்பளிச் சூடு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் விடியும்வரை காக்கும்.