இரவல் பெயரும் சொந்த ஆடுகளமும்

ஒரு நாட்டின் விளையாட்டு வலிமையை அதன் உச்சியில் ஒளிரும் சில அணிகளையும் நட்சத்திரங்களையும் கொண்டே நாம் மதிப்பிடுகிறோம். ஆஸ்திரேலியக் கூடைப்பந்தைப் பற்றிப் பேசுவோர், டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்நாட்டு ஆடவர் அணி முதன்முறையாகப் பதக்கம் வென்றதையும், பாரீஸில் மகளிர் அணி வெண்கலம் வென்றதையும் குறிப்பிடுவார்கள். ஜோஷ் கிடி போன்ற இளைஞர்களை அமெரிக்காவின் என்பிஏ அணிகள் தேடி எடுத்துக்கொண்டதைச் சொல்வார்கள். அந்த உச்சியைத் தாங்கி நிற்கும் இரண்டாம்நிலை லீக்குகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால், அங்கே கூடைப்பந்தின் அடுத்த பத்தாண்டு எப்படி அமையும் என்பதை அந்த இரண்டாம்நிலையே தீர்மானிக்கும் என்பது என் கருத்து.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். உச்சியில் 1979-இல் தொடங்கிய தேசியக் கூடைப்பந்து லீக் (என்பிஎல்) இருக்கிறது. நியூசிலாந்து அணி ஒன்றையும் சேர்த்துப் பத்து அணிகள் அதில் ஆடுகின்றன. மகளிருக்கான தேசிய லீக் 1981-இல் தொடங்கியது. இவற்றுக்கு அடுத்த படியில் இருப்பது 'என்பிஎல்1'. தெற்கு, வடக்கு, மத்திய, மேற்கு, கிழக்கு என ஐந்து மண்டலங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் இதில் பங்கேற்கின்றன. ஆடவர், மகளிர் போட்டிகள் ஒரே பெயரில், ஒரே பருவத்தில் நடைபெறுகின்றன. ஆடுவோரில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

இந்தக் கட்டமைப்பு மிக அண்மைக் காலத்தது. விக்டோரியா, டாஸ்மானியா பகுதிகளை மையமாகக் கொண்டு 1981 முதல் நடைபெற்ற தென்கிழக்கு ஆஸ்திரேலியக் கூடைப்பந்து லீக் 2018-உடன் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே அதன் இடத்தில் என்பிஎல்1 பிறந்தது. அடுத்து குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களின் லீக்குகள் இணைந்தன. 1989 முதல் தனித்து இயங்கிவந்த மேற்கு ஆஸ்திரேலிய லீக் 2021-இலும், நியூ சவுத் வேல்ஸின் வாராட்டா லீக் 2022-இலும் இதே குடைக்குள் வந்தன. ஐந்து மண்டலங்களின் வெற்றியாளர்களும் மோதும் தேசிய இறுதிச்சுற்று 2022-இல் தொடங்கியது.

அன்று முதல் ஒரு விவாதமும் தொடங்கிவிட்டது: ஐந்தில் எந்த மண்டலம் வலிமையானது? தேசிய இறுதிச்சுற்றில் யார் வென்றார்களோ அவர்களின் மண்டலமே சிறந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. புள்ளியியல் அறிந்தவர்கள் இந்த முடிவை ஏற்கத் தயங்குவார்கள். ஒரு வார இறுதியில் நடக்கும் சில ஆட்டங்களைக் கொண்டு, நான்கைந்து மாதங்கள் ஆடிய ஒரு மண்டலத்தின் தரத்தை எடைபோட முடியாது. ஒரு மண்டலத்தின் முதல் அணி அசாத்திய வலிமையுடன் இருக்கலாம். அதே மண்டலத்தின் கடைசி நான்கு அணிகள் மிகவும் நலிந்து கிடக்கலாம். வெற்றிக்கோப்பை முதல் அணியைப் பற்றி மட்டுமே பேசும்.

மண்டலங்களின் வலிமையை நிர்ணயிப்பவை மக்கள்தொகையும் தொலைவும்தான். தெற்கு மண்டலத்தின் மையம் மெல்போர்ன். அரைக் கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் அந்நகரில் கூடைப்பந்துக் கிளப்புகள் நெருக்கமாக இருக்கின்றன. மாலையில் வேலை முடித்துவிட்டு எதிரணியின் அரங்குக்குக் காரில் போய்த் திரும்பலாம். வடக்கு மண்டலத்தின் நிலை வேறு. பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் சாலை வழியே சுமார் 1,700 கிலோமீட்டர். 2023-இல் சேர்ந்த டார்வின் அணிக்கோ வெளியூர் ஆட்டம் என்றாலே விமானப் பயணம்தான். மேற்கு மண்டலத்தில் பெரும்பாலான அணிகள் பெர்த் நகரைச் சுற்றியே இருந்தாலும், ஜெரால்ட்டன் நகர அணி நானூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. அதிக மக்கள்தொகை கொண்ட மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் ரக்பி போன்ற ஆட்டங்களின் செல்வாக்கு பெரிது; அதனால் அதன் கூடைப்பந்து லீக் நெடுங்காலம் விக்டோரியாவுக்குப் பின்தங்கியதாகவே கருதப்பட்டது.

ஆகவே, மண்டலங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடாக மட்டும் பார்ப்பது தவறு. ஒரே தொகையைச் செலவிடும் இரு கிளப்புகளில் ஒன்று அதைப் பயிற்சியாளருக்குத் தரும். மற்றொன்று விமானச் சீட்டுக்குத் தரும்.

விளையாட்டுப் பொருளாதாரத்தில் ஒரு புகழ்பெற்ற முரண்பாடு உண்டு. வால்டர் நீல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1964-இல் அதை விளக்கினார். சாதாரண வணிகத்தில் போட்டியாளர் ஒழிந்தால் எஞ்சியவருக்கு லாபம். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிக்கோ தனக்கு நிகரான மாக்ஸ் ஷ்மெலிங் இருந்தால்தான் வருமானம். எதிராளி இல்லாவிட்டால் சண்டை இல்லை, காண வருவோரும் இல்லை. வகுப்பில் இதை நான் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் புன்னகைப்பார்கள். ஆனால், லீக் நிர்வாகிகள் மறக்கக்கூடாத பாடம் இது. ஒரு மண்டலம் வலிமையாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், அதன் கடைசி அணி முதல் அணியைத் தன் ஊரில் வீழ்த்த முடியும் என்ற நம்பிக்கைதான்.

இந்த அளவுகோலுடன் வரலாற்றைப் பார்த்தால், இரண்டாம்நிலையின் மற்றொரு வலிமை தெரிகிறது. அது நீடித்து நிற்கும் வலிமை. முதல்நிலை லீக்கின் வரலாறு காணாமல்போன அணிகளின் வரலாறும்கூட. 1979-இல் தொடங்கிய அணிகளில் எல்லாப் பருவங்களிலும் ஆடியது இல்லவாரா ஹாக்ஸ் மட்டுமே. அதே ஆண்டு தொடங்கிய நியூகாஸில் ஃபால்கன்ஸ் 1999-இல் வெளியேறியது. 1982 முதல் 1996 வரை உச்சியில் இருந்த ஜீலாங் சூப்பர்கேட்ஸ் பின்னர் அடுத்த நிலைக்கு இறங்கியது. ஆனால், அந்த ஊர்களில் ஆட்டம் நிற்கவில்லை. இரண்டாம்நிலை லீக் அதற்கு இடம் கொடுத்தது. டவுன்ஸ்வில் நகரின் ஆடவர் முதல்நிலை அணி 2016-இல் மூடப்பட்டபோதும் அதுவே நடந்தது.

டாஸ்மானியா இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. ஹோபார்ட் டெவில்ஸ் அணி 1996-இல் மறைந்தபின் கால் நூற்றாண்டுக் காலம் அத்தீவுக்கு முதல்நிலை ஆடவர் அணி இல்லை. அந்த இடைவெளியில் ஹோபார்ட், லான்செஸ்டன், வடமேற்குக் கரையோர நகரங்கள் ஆகியவற்றின் இரண்டாம்நிலை அணிகளே ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தன. 2021-இல் களமிறங்கிய டாஸ்மானியா ஜேக்ஜம்பர்ஸ் அணி மூன்றாவது பருவத்திலேயே, 2024-இல், கோப்பையை வென்றபோது பலர் அதை அதிசயம் என்றார்கள். அணைந்துபோகாத அடுப்பில் தீ மூட்டுவது எளிது என்பதே அதன் விளக்கம்.

தனிமனிதருக்கும் இந்த நிலை எவ்வளவு தேவை என்பதற்கு லாரன் ஜாக்சன் சாட்சி. முழங்கால் காயத்தால் 2016-இல் ஓய்வுபெற்ற அவர், 2022-இல் மீண்டும் பந்தைக் கையில் எடுத்தது தன் சொந்த ஊரின் ஆல்பரி வொடொங்கா பாண்டிட்ஸ் அணிக்காக, என்பிஎல்1 கிழக்கு மண்டலத்தில். அங்கே தகுதியை நிரூபித்து, 41 வயதில் உலகக்கோப்பை அணிக்குத் தேர்வானார். சிட்னியில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் 30 புள்ளிகள் குவித்தார். உச்சியிலிருந்து இறங்கியவர் மீண்டும் ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு வேண்டும். அந்தப் படிக்கட்டு ஊருக்கு அருகில் இருக்கவும் வேண்டும்.

இனி எதிர்காலம். என் பார்வையில் மூன்று ஆபத்துகள் தெரிகின்றன.

முதலாவது, நாள்காட்டி. முதல்நிலை லீக் 1998 வரை குளிர்காலத்தில் நடைபெற்றது. கால்பந்து, ரக்பி வகை ஆட்டங்களின் போட்டியிலிருந்து விலக அது கோடைக்கு மாறியது. அதனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலம் இரண்டாம்நிலைக்குக் கிடைத்தது. முதல்நிலையில் ஆடும் வீரரும் வீராங்கனையும் அந்த மாதங்களில் ஊர் அணிகளுக்கு ஆட முடிகிறது. இரண்டாம்நிலையின் தரத்துக்கு அடித்தளமே இந்தக் கால இடைவெளிதான். ஆனால், இடைவெளி சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2024-25 பருவத்தின் முதல்நிலை இறுதிப்போட்டி மார்ச் 23 வரை நீண்டது. அடுத்த பருவத்தில் இக்னைட் கோப்பை என்ற புதிய போட்டியும் சேர்ந்தது. தொலைக்காட்சி வருவாய்க்காகப் பருவம் இன்னும் நீண்டால், ஊர் அணிகளுக்குக் கிடைப்பவர்கள் களைத்த வீரர்களாகவே இருப்பார்கள். அல்லது யாரும் கிடைக்கமாட்டார்கள்.

இரண்டாவது, பெயர். என்பிஎல்1 என்ற பெயரின் உரிமை முதல்நிலை லீக்கிடம் இருக்கிறது. அது 2015 முதல் தொழிலதிபர் லாரி கெஸ்டெல்மனின் கட்டுப்பாட்டில் உள்ள தனியார் நிறுவனம். மகளிர் தேசிய லீக்கும் 2024-இல் அந்த நிறுவனம் பங்குபெறும் கூட்டமைப்பின் கைக்குச் சென்றது. மண்டலப் போட்டிகளை மாநிலக் கூடைப்பந்து அமைப்புகள் கூட்டாளிகளாக நின்று நடத்துகின்றன. பொதுப் பெயரால் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. சிதறிக் கிடந்த மாநில லீக்குகளுக்கு ஒரே முகவரி கிடைத்தது. எனினும், இரவல் பெயரை உரியவர் எந்த நாளும் திரும்பக் கேட்கலாம். ஏபிஏ என்ற பெயரில் மாநில லீக்குகளை இணைத்து முன்பு நடத்தப்பட்ட ஏற்பாடு 2008-உடன் முடிந்தது. பெயர் போனது, ஊர்க் கிளப்புகள் இருந்தன. மேலிருந்து கட்டப்படும் அமைப்புகளின் ஆயுளுக்கு அமெரிக்காவும் ஓர் உதாரணம் தருகிறது. இளம் திறமையாளர்களுக்காக என்பிஏ 2020-இல் உருவாக்கிய ஜி லீக் இக்னைட் அணி 2024-இல் கலைக்கப்பட்டது. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொல்ல ஓர் ஊர் அதன் பின்னால் இருக்கவில்லை.

மூன்றாவது, செலவு. அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தம் பெயராலும் புகழாலும் பணம் ஈட்டலாம் என்று 2021 ஜூலையில் விதி மாறியது. அது முதல் ஆஸ்திரேலிய இளைஞர்களை ஈர்க்கும் விசை கூடியிருக்கிறது. இளையோர் வெளியேறும்போது அந்த இடத்தை விலை கொடுத்து நிரப்பும் ஆசை உள்ளூர் கிளப்புகளுக்கு வரும். ஒரு கிளப் பணத்தை அள்ளி இறைத்தால் மற்றவையும் இறைக்க வேண்டும். முடிவில் எல்லோரும் கடனாளிகள், தரவரிசையோ முன்பிருந்ததுபோலவே இருக்கும். பெரும்பாலான கிளப்புகளின் வருவாய் நுழைவுச்சீட்டு, உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரம், சிறுவர் போட்டிகளின் பதிவுக் கட்டணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. சிறுவர் கட்டணத்தில் வெளிநாட்டு வீரருக்குச் சம்பளம் கொடுப்பது, விதைநெல்லைச் சமைத்து உண்பதற்கு ஒப்பாகும்.

இவற்றுக்கு மாற்றாக, ஐந்து மண்டலங்களையும் கலைத்து ஒரே தேசிய இரண்டாம்நிலை லீக்காக மாற்றலாம், சிறந்த அணியை மேலே உயர்த்தலாம், கடைசி அணியைக் கீழே இறக்கலாம் என்ற யோசனை கவர்ச்சியானது. ஐரோப்பியக் கால்பந்தில் அது இயல்பு. ஆனால், பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் இடையே சுமார் 2,700 கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது. வாரந்தோறும் அதைக் கடக்கும் செலவைச் சிறு நகரங்கள் தாங்கா. உரிமத்துக்குப் பெருந்தொகை செலுத்திய முதல்நிலை உரிமையாளர்களும் கீழிறங்கச் சம்மதிக்கமாட்டார்கள்.

நடக்கக்கூடியவை எளியவை. குளிர்கால மாதங்கள் இரண்டாம்நிலைக்கே உரியவை என்று எழுத்துபூர்வ உடன்பாடு வேண்டும். ஒரு வீரர் மேல்நிலைக்குச் செல்லும்போது அவரை வளர்த்த கிளப்புக்கு ஒரு தொகை போய்ச் சேர வேண்டும். தொலைதூர அணிகளின் பயணச் செலவை மண்டலம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். அதை உண்மையாகக் கண்காணிக்கவும் வேண்டும். பெயரைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் கிளப்புகளுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

2032-இல் பிரிஸ்பேன் ஒலிம்பிக்கை நடத்தப்போகும் நாடு புதிய அரங்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த அரங்குகளில் ஆடப்போகும் சிலர் இன்று மெக்கேயிலோ, மவுன்ட் கேம்பியரிலோ, பெண்டிகோவிலோ ஊர் அணியின் ஆட்டத்தைப் பெற்றோருடன் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியர். அந்த ஆட்டம் அடுத்த வாரமும், அடுத்த ஆண்டும் அதே அரங்கில் நடக்க வேண்டும். லீக்கின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.