ஒரு கையெழுத்தும் முப்பத்தைந்து பேரும்

நண்பா, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்!

கடைசி செமஸ்டர். பரீட்சைக்கு இன்னும் மூன்றே மாசம். ரெக்கார்டு நோட்டில் பாதிக்கு மேல் கையெழுத்து வாங்கியாச்சு. இருக்கிற ரெண்டு அரியரையும் இந்தத் தடவை எப்படியாவது தூக்கிவிடணும் என்று ராத்திரி கண் விழித்துப் படிக்கிறாய். இந்த நேரத்தில் உன்னைப் பிடித்து, விமானத்தில் ஏற்றி, வேறொரு நாட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டால்?

"அதெப்படிப்பா முடியும்?" என்பாய். முடிந்திருக்கிறது.

2005 மார்ச் 14. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு ஒரு தனி விமானம் கிளம்பியது. அதில் நாடு கடத்தப்பட்ட நைஜீரியர்கள் 35 பேர். அவர்களில் ஒருவன் 20 வயது மாணவன். தனியாளாக அயர்லாந்துக்கு வந்து அகதி அந்தஸ்து கேட்டவன். மனு தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் டப்ளினில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தான். ஜூன் மாதம் அவனுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த 35 பேரையும் அனுப்பும் உத்தரவுகள் ஒரே அமைச்சகத்திலிருந்து வந்தவை. அமைச்சர் பெயர் மைக்கேல் மெக்டொவல்.

மறுநாள் வகுப்பில் அவன் பெஞ்சு காலி. அவனோடு படித்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிடவில்லை. தெருவில் இறங்கினார்கள். நாடாளுமன்ற வாசலில் போய் நின்றார்கள். பத்திரிகைகள் எழுதின. பத்தே நாளில் அமைச்சர் இறங்கி வந்தார். தன் முடிவு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தேர்வு எழுத ஆறு மாத விசா கொடுத்தார். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அந்த மாணவன் டப்ளினில் வந்து இறங்கினான். ஜூனில் தேர்வும் எழுதினான்.

மாணவர் ஒற்றுமைக்கு வெற்றி! கை தட்டலாம். நானும் முதலில் கை தட்டினேன். அப்புறம்தான் ஒரு கேள்வி வந்து உறுத்த ஆரம்பித்தது. மீதி 34 பேர் என்ன ஆனார்கள்?

இந்தக் கட்டுரை அந்த 34 பேரைப் பற்றியது.

யார் இந்த அமைச்சர்?

மெக்டொவல் சாதாரண ஆள் இல்லை. பெயர் பெற்ற வழக்கறிஞர். 1999 முதல் 2002 வரை அரசின் தலைமை வழக்கறிஞர். 2002 முதல் 2007 வரை நீதி, சமத்துவம், சட்டச் சீர்திருத்தத் துறை அமைச்சர். போலீஸ், குடியேற்றம், குடியுரிமை, அகதி மனு எல்லாம் அந்த ஒரே துறையின் கீழ். பேச்சில் சூரர். சட்டம் தெரியாமல் தவறு செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அவர் கதையில் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

வேலிக்கு ஒரு வேலி

முதலில் அவருக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம்.

அயர்லாந்தின் வடமேற்கில் டோனெகால் என்றொரு மாவட்டம். 1990களில் அங்கிருந்த சில போலீஸ் அதிகாரிகள் வெடிபொருளைத் தாங்களே தயார் செய்து வைத்துவிட்டு, பிறகு 'கண்டுபிடித்தோம்' என்று பெயர் வாங்கிக்கொண்டார்கள். 1996ல் ஒரு மாட்டு வியாபாரி சாலையில் இறந்துகிடந்தார். அடித்துவிட்டு நிற்காமல் போன வாகன விபத்து அது. அதைக் கொலை என்று எண்ணி, குற்றமே செய்யாத குடும்பங்களைச் சந்தேகத்தில் வைத்து வதைத்தார்கள். இதையெல்லாம் தோண்டி எடுத்தது 2002ல் அமைக்கப்பட்ட மோரிஸ் விசாரணை ஆணையம். அதன் முதல் அறிக்கை 2004லும் இரண்டாவது அறிக்கை 2005லும் வந்தன. படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை!

மெக்டொவல் 2005ல் புதிய போலீஸ் சட்டம் கொண்டுவந்தார். போலீஸ் மீதான புகாரை விசாரிக்க மூன்று பேர் கொண்ட தனி ஆணையம் அமைந்தது. 2007 மே மாதம் அது வேலையைத் தொடங்கியது. போலீஸ் நிர்வாகத்தைச் சோதித்து அறிக்கை தர ஓர் ஆய்வு அமைப்பும் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போலீஸ் ஆணையராக இருந்த ஒரு பெண்மணியை அதற்குத் தலைவராக அழைத்து வந்தார்கள். குறைகள் இல்லாமலில்லை. வட அயர்லாந்தில் இருப்பதுபோல் போலீசுக்கு மேல் ஒரு சுதந்திர வாரியம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்தப் புகார் ஆணையமும் 2025ல் கலைக்கப்பட்டு வேறு அமைப்பு வந்திருக்கிறது. இருந்தாலும் முதல் படி அவர் போட்டதுதான்.

அந்தச் சட்டத்தின் உள்ளே இருந்த தத்துவம் எளிமையானது. அதிகாரம் உள்ளவன் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து ஒரு கண் பார்க்க வேண்டும்.

நல்ல தத்துவம்! ஆனால் அதை அவர் கான்ஸ்டபிளுக்கு மட்டும் வைத்தார். தன் பேனாவுக்கு வைக்கவில்லை.

அமைச்சரின் பேனா

எப்படி என்கிறீர்களா? அகதி மனு தள்ளுபடியான ஒருவர், "மனிதாபிமான அடிப்படையில் என்னை இருக்க விடுங்கள்" என்று விண்ணப்பிக்கலாம். யாரிடம்? அமைச்சரிடம். வயது, நாட்டில் இருந்த காலம், குடும்ப நிலை, வேலை வாய்ப்பு இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1999ம் வருஷச் சட்டம் சொல்கிறது. பார்த்து முடிவு செய்வது யார்? அமைச்சர். முடியாது என்றால் வெளியேற்ற உத்தரவு போடுவது? அதே அமைச்சர்! கேள்வித்தாள் எடுப்பவரும் அவரே, திருத்துபவரும் அவரே, ரீவேல்யூஷன் போட்டால் பார்ப்பவரும் அவரே.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்ததே என்பீர்கள். அகதி மனுக்களுக்கு இருந்தது. அதன் உறுப்பினர்களை நியமித்ததும் அமைச்சர்தான். அந்தத் தீர்ப்பாயம் தன் பழைய முடிவுகளைக்கூட மனுதாரர்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தது. 2006ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, "காட்டத்தான் வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. பழைய கொஸ்டின் பேப்பரையே கண்ணில் காட்டாமல் பரீட்சை வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

2005 மே மாதம் ஒரு நாடாளுமன்றக் குழு முன்னால் அமைச்சர் மனம் திறந்தார். அகதிகள் சொல்வது கட்டுக்கதைகள் என்ற பொருளில் பேசினார். விமான நிலையத்திலேயே விசாரித்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடவே தமக்கு விருப்பம், ஐ.நா. உடன்படிக்கை இருப்பதால் முழு விசாரணை நடத்த வேண்டியிருக்கிறது என்றார். விசாரணை அவருக்கு ஒரு தொல்லையாகத் தெரிந்திருக்கிறது! போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற அயர்லாந்துக்காரனுக்கு விசாரணை உரிமை, விமான நிலையத்தில் நிற்கிற நைஜீரியாக்காரனுக்கு அது சலுகை. இதென்ன நியாயம்?

சொந்த நாட்டுக்காரர் மீதும் அந்தப் பேனா பாய்ந்தது. ஒருவர் மீது வழக்குத் தொடர வேண்டாம் என்று அரசு வழக்குத் துறை முடிவெடுத்த பிறகும், அவர் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் நகலைப் பத்திரிகையாளர் ஒருவரிடம் தாமே கொடுத்ததாக அமைச்சர் 2005 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். நாட்டு நலனுக்காகச் செய்தேன் என்பது அவர் வாதம். நலன்தான் என்றால் கோர்ட்டுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்?

பிறந்த மண் யாருக்கு?

குடியுரிமைக்கு வருவோம். அயர்லாந்துத் தீவில் பிறந்த எந்தக் குழந்தையும் அந்நாட்டுக் குடிமகன் என்பது நெடுநாளாக இருந்த சட்டம். 1998 சமாதான உடன்படிக்கையை ஒட்டி அது அரசியல் சாசனத்திலேயே இடம் பெற்றது.

குடியுரிமைக்காகவே பிரசவத்துக்கு வருகிறார்கள், டப்ளின் பிரசவ ஆஸ்பத்திரிகள் தாங்கவில்லை என்று அமைச்சர் சொன்னார். ஆஸ்பத்திரித் தலைவர்களே மாற்றம் கேட்டதாகவும் சொன்னார். அவர்களோ, "நாங்கள் சாசனத்தை மாற்றச் சொல்லவில்லை" என்று மறுத்தார்கள். இருந்தும் 2004 ஜூன் 11ல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 79 பேர் ஆதரித்தார்கள். 2005 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவரானால், அவர்களில் ஒருவராவது முந்தைய நான்கு வருஷத்தில் மூன்று வருஷம் சட்டப்படி அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை.

நியாயமாகச் சொன்னால், ஏற்கெனவே பிறந்திருந்த குழந்தைகளின் பெற்றோருக்காக 2005ல் ஒரு தனித் திட்டம் வந்தது. ஏறக்குறைய 18,000 விண்ணப்பங்கள் வந்தன. 16,000க்கும் மேற்பட்டவர்கள் தங்க அனுமதி பெற்றார்கள். அதையும் செய்தவர் இதே அமைச்சர்தான்.

மக்கள் வாக்களித்தார்களே, பிறகென்ன என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அந்த வாக்கால் பாதிக்கப்படப்போகிறவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. 2018ல் பிரே என்ற ஊரில் 9 வயதுச் சிறுவன் ஒருவன். பிறந்தது அயர்லாந்து மண், படித்தது அயர்லாந்துப் பள்ளி. அவனுக்கு வெளியேற வேண்டிய நெருக்கடி வந்தது. திரும்பவும் பள்ளிக்கூடம் கிளம்பியது, ஊர் கையெழுத்துப் போட்டது, அவன் தப்பித்தான். 2005ல் நடந்த அதே கதை!

இதை ஏதோ அயர்லாந்துக்காரர் கெட்டவர் என்று சொல்வதற்காக எழுதவில்லை. நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் இறுகியது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் குடிமகன். அதன் பிறகு பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கவும் கூடாது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும்.

ஏழை சொல் அம்பலம் ஏற...

"ஏம்ப்பா, யாரை உள்ளே விடணும்னு முடிவு பண்ண ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா? பொய் சொல்லி வர்றவன் இல்லையா?" நியாயமான கேள்வி. உரிமை இருக்கிறது. பொய் சொல்பவரும் இருப்பார்கள். ஆனால் எது பொய், எது மெய் என்று பார்க்கத்தானே விசாரணை? பார்க்கும் முன்பே கட்டுக்கதை என்று முடிவு கட்டினால் அப்புறம் விசாரணை எதற்கு?

ஒன்றை மறக்கக் கூடாது. 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்து, இன்னொரு பத்து லட்சம் பேரைக் கப்பலேற்றிய நாடு அயர்லாந்து. 2005ஐ ஒட்டிய அதே வருஷங்களில், அமெரிக்காவில் அனுமதியில்லாமல் தங்கியிருந்த தன் மக்களுக்குக் கருணை காட்டச் சொல்லி அயர்லாந்து அரசு வாஷிங்டனில் வாதாடிக்கொண்டிருந்தது. தனக்கு ஒரு தராசு, அடுத்தவனுக்கு ஒரு தராசா?

அந்த விமானத்துக்கே திரும்புவோம். அதில் அத்லோன் என்ற ஊரிலிருந்த இரண்டு தாய்மார்களும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் அயர்லாந்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்காகவும் ஊர்க்காரர்கள் குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் எடுபடவில்லை. மற்றவர்களுக்குக் குரல் கொடுக்கக்கூட எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அந்த மாணவன் திரும்பி வந்ததற்குக் காரணம் சட்டம் அல்ல. அவனுக்கு ஒரு வகுப்பு இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட ஐம்பது பேர் இருந்தார்கள். சிநேகிதர்கள் இருப்பவனுக்கு நீதி, இல்லாதவனுக்கு விமானம் என்றால் அது நீதி இல்லை, அதிர்ஷ்டம்! ஏழை சொல் அம்பலம் ஏறாது என்றார்கள் பெரியவர்கள். ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு கட்டித் தருவதுதான் நீதித்துறை அமைச்சரின் வேலை. மெக்டொவல் தவறை ஒப்புக்கொண்டார். பெரிய மனசுதான். ஆனால் படிக்கட்டைக் கட்டவில்லை.

2007 மே தேர்தலில் அவர் தன் தொகுதியிலேயே தோற்று, அன்றைக்கே அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்தார். 2016ல் மேலவைக்குத் திரும்பி வந்தார். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். பேனா மட்டும் மேஜையிலேயே இருக்கிறது.

சரி, நமக்கென்ன?

நம்ம டிபார்ட்மென்டைப் பாருங்கள். அட்டெண்டன்ஸ் குறைந்தது என்று நாலு பேரை நிறுத்துகிறார்கள். அதில் ஒருத்தன் வாலிபால் டீம் கேப்டன் என்றால் உடனே கூட்டம் கூடுகிறோம், பிரின்சிபால் ரூமுக்குப் போகிறோம், கண்டோனேஷன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். ஆனால் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகிற, யாரிடமும் அதிகம் பேசாத ஒருத்தன் நிறுத்தப்பட்டால்? அவன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்தானா, அப்பாவோடு கரும்பு வெட்டப் போனானா... நாம் கேட்டதுண்டா? முகாமிலிருந்து வந்து நம்மோடு படிக்கிறவன் எத்தனை சர்டிபிகேட்டுக்காக எத்தனை ஆபீஸ் ஏறி இறங்குகிறான் என்று நமக்குத் தெரியுமா?

ஆகவே நம் யூனியனுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். இனிமேல் யாரை நிறுத்தினாலும் காரணத்தை எழுத்தில் கேட்போம். அவன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு வாங்கித் தருவோம். நம்ம ஆளா, வேறு ஆளா என்று பார்க்காமல், ஒரே மாதிரி எல்லோருக்கும். டப்ளின் பிள்ளைகள் ஒரு நண்பனை மீட்டார்கள், அவர்களுக்கு என் சல்யூட். நாம் அதற்கும் ஒரு படி மேலே போகலாம். நண்பனே இல்லாதவனுக்காகவும் போய் நிற்கலாம்.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தால், யாருடைய பெஞ்சு என்று கேளுங்கள் நண்பர்களே!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்