பழைய அம்பாஸிடரும் புதிய பிரேக்கும்

உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடரைத் தஞ்சை ஜில்லாவில் இன்னும் ஆசையுடன் பேணுவோர் உண்டு. சிலர் முன் சக்கரங்களின் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் பொருத்துகிறார்கள். நல்ல காரியந்தான், டிஸ்க் சூடு சீக்கிரம் தணியும், நனைந்தாலும் விரைவில் உலரும்.

ஆனால் பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவதோ டயருக்கும் ரஸ்தாவுக்கும் உள்ள பிடிப்பு. பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்னே சாய்கிறது. ஷாக் அப்ஸார்பர் ஓய்ந்து புஷ்களும் தேய்ந்திருந்தால் மூக்குத் தாழும், சக்கரம் துள்ளும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அறுவடைக் காலத்தில் நமது சாலைகளில் நெல் காய்வதை நேயர்கள் அறிவார்கள். (களம் இல்லாத குடியானவரை மோட்டார்க்காரர் கோபித்து என்ன பயன்?) அம்மணிகளின்மேல் வலிய பிரேக் சக்கரத்தைப் பூட்டிவிடும், பூட்டிய முன்சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. பக்கத்திலோ வாய்க்கால்! முன்பக்கத்து ஷாக் அப்ஸார்பரையும் புஷ்களையும் மாற்றிய பிறகே டிஸ்க்குக்குப் பணம் எடுக்கலாம்.