நடு மாதங்களை மறந்துவிட வேண்டாம்

வயிற்றில் பிள்ளை தங்கிய முதல் மூன்று மாதங்களும் வீடு முழுவதும் அறிந்த மாதங்கள். சத்தி, தலைச்சுற்று, சோற்றின் மணமே பிடிக்காமை எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பாயில் விழுத்திவிடும். கடைசி மூன்று மாதங்களும் அப்படித்தான். வயிறு பெருத்துவிட்டது, நாள் நெருங்கிவிட்டது என்று எல்லோருக்கும் அக்கறை வந்துவிடும். இடையில் வருகின்ற நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்களை மட்டும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. சத்தி நின்றுவிட்டது, முகம் தெளிந்துவிட்டது, பசியும் எடுக்கிறது. "இப்ப அவளுக்குச் சுகம்தானே" என்று சொல்லி, தண்ணீர்க் குடத்தையும் வயலில் புல்லுப் பிடுங்கும் வேலையையும் மீண்டும் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் அறியாமற் செய்கின்ற பெருந்தவறு இது என்பதே எமது கருத்து. நெற்செய்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கச் சிரமமில்லை. குடலைப் பருவத்தில் பயிர் பச்சையாக, செழிப்பாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, இனித் தண்ணீர் வேண்டாம், பசளை வேண்டாம் என்று எந்த விவசாயியாவது வாய்க்காலை மறிப்பானா? கதிரின் கனம் அந்த நாட்களிலேதான் தீர்மானமாகிறது என்று அவனுக்குத் தெரியும். வயலுக்குக் கொடுக்கும் இந்த அறிவை நாம் வீட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

உடலில் நடப்பது என்ன?

நான்காம் மாதத் தொடக்கத்தில் 100 கிராமுக்கும் குறைந்திருக்கும் பிள்ளை, இந்த நடு மாதங்களின் முடிவில் ஏறத்தாழ 1 கிலோ ஆகிவிடுகிறது. பத்து மடங்குக்கும் மேற்பட்ட இந்த வளர்ச்சிக்குத் தேவையான யாவும் தாயின் இரத்தத்தின் வழியாகவே போகின்றன. அதற்காகத் தாயின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு கர்ப்பகாலத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. வேகமாகக் கூடுவது இந்த மாதங்களிலேதான். இரத்தம் பெருகப் பெருக இரும்புச்சத்தும் பெருக வேண்டும். அது கிடைக்காதபோது தாய்க்குக் குருதிச்சோகை வருகிறது. பிள்ளை நிறை குறைந்தோ நாள் முந்தியோ பிறக்கும் ஆபத்துக் கூடுகிறது. பிரசவத்தில் இரத்தம் போனால் அதைத் தாங்கும் பலமும் தாய்க்கு இல்லாமற் போகிறது.

இக்காலத்தில் தோன்றும் சில மாற்றங்களைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இடுப்பு நோகலாம். நெஞ்செரிவு, மலச்சிக்கல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு வரலாம். கொப்பூழிலிருந்து கீழ்நோக்கி ஒரு கருங்கோடு தெரியலாம். இரத்த அழுத்தம் சற்றுக் குறைவதால், இருந்து சட்டென எழும்பும்போது கண் இருட்டலாம். மெதுவாக எழும்பினாற் போதும்.

இந்த மாதங்களின் பெரிய மகிழ்ச்சி பிள்ளையின் துடிப்பு. முதற் பிள்ளையென்றால் 18 முதல் 20 கிழமையளவிலும், முன்பு பெற்ற தாய்மாருக்குச் சற்று முந்தியும் அது தெரியவரும். 20 கிழமையளவில் கருப்பை கொப்பூழின் மட்டத்துக்கு உயர்ந்துவிடும். கிளினிக்கில் மருத்துவமாது நாடாவினால் வயிற்றை அளப்பது சடங்குக்காக அல்ல. பிள்ளை மாதத்துக்கு ஏற்ப வளர்கிறதா என்று அறிவதற்காகவே.

முதற் பங்கு யாருக்கு?

எமது வீடுகளில் முதலில் ஆண்கள் சாப்பிடுவார்கள், பிறகு பிள்ளைகள், சட்டியில் மிஞ்சியது தாய்க்கு. அவள் கர்ப்பிணியாக இருந்தாலும் வரிசை மாறுவதில்லை. திரிபோஷா பைக்கற்றும் அப்படியே. கர்ப்பிணிக்கென்று கொடுக்கப்பட்டது உருண்டையாகி வீட்டிலுள்ள எல்லோர் கைக்கும் போய்விடுகிறது. பசித்த பிள்ளைகள் பார்த்திருக்கத் தான் மட்டும் சாப்பிட எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? நாம் அவளைக் குறை சொல்லவில்லை. ஆகவேதான் இந்தத் தீர்மானத்தை அவள் தலையில் சுமத்தாமல் கணவனும் மாமியும் எடுக்க வேண்டும் என்கிறோம். "இது உன்ரை பங்கு, நீ சாப்பிடு" என்று மாமி ஒருமுறை சொன்னால், அது பத்துப் பேர் சொல்லும் புத்திமதிக்கு மேலானது.

கூடச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்ற பயமும் சிலரிடம் உண்டு. அந்தப் பயத்தால் தாயின் சோற்றைக் குறைப்பது தவறு. விலையுயர்ந்த மாவும் பழமும் தேவையில்லை. வேலியில் நிற்கும் முருங்கையிலை, அகத்தி, வல்லாரை, பொன்னாங்காணி. பயறு, கௌபி, குரக்கன். முடிந்தபோது முட்டை, நெத்தலி. வந்திருந்த இடத்திலும் ஒரு முருங்கைத் தடியை ஊன்ற ஒரு முழ நிலம் போதும்.

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்கினால் பயன் குறைந்துவிடும். தேசிக்காய்த் தண்ணீருடன் எடுப்பது நல்லது. கல்சியக் குளிசையை வேறு நேரத்தில் எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு குளிசையை நிறுத்திவிட வேண்டாம். முதல் மூன்று மாதம் கழிந்த பின் தரப்படும் வயிற்றுப் பூச்சிக்குரிய குளிசையும் குருதிச்சோகையைக் குறைக்க உதவுவதே. 1990களில் வன்னியில் கர்ப்பிணிகளை வாட்டிய மலேரியா இன்று எம்மிடையே இல்லை. 2016 இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. குருதிச்சோகையோ இன்னும் எங்கள் குடிசைகளை விட்டுப் போகவில்லை.

வேலையை நிறுத்தவா?

நடப்பதும் இலகுவான வேலை செய்வதும் சுகமாயிருக்கும் கர்ப்பிணிக்கு நல்லவையே. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்திடம் முற்றாக வேலையை விடு என்று சொல்வதும் நியாயமாகாது. ஆனால் சில வேலைகள் கைமாற வேண்டும். தூரத்திலிருந்து தண்ணீர் சுமப்பது, நெல்மூட்டை தூக்குவது, நாள் முழுவதும் குனிந்து நின்று நாற்று நடுவது அல்லது அரிவி வெட்டுவது, கிருமிநாசினி கலப்பது, மருந்தடித்த வயலில் இறங்குவது ஆகியவை அவளுக்குரியவை அல்ல. மருந்தடித்தவரின் உடுப்பைத் தோய்ப்பதும் அவளுக்குரியதல்ல. ஆண் குடம் தூக்கினால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்களிடம் நாம் கேட்பது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது போகாத மரியாதை வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது எப்படிப் போகும்?

எலிக்காய்ச்சலையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனதை அறிவோம். சேற்று வயலில் இறங்கும் விவசாயிகளுக்குக் கொடுக்கப்படும் தடுப்புக் குளிசையைக் கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக் கூடாது. அவர்கள் அந்தச் சேற்றில் இறங்காதிருப்பதே பாதுகாப்பு.

கணவனை இழந்தோ பிரிந்தோ தனித்து நிற்கும் கர்ப்பிணிகளும் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு அயல்தான் குடும்பம். கிளினிக் நாளில் அவள் பிள்ளைகளைப் பார்ப்பதும் கூலி கொடுப்பவர் அந்த ஒரு நாளை மனமுவந்து விடுவதும் பெரிய தர்மமல்ல, கடமை.

இடம் மாறினாலும் உரித்து மாறாது

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டோம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே நடந்தது. 2009 இல் வன்னி முழுவதும் முட்கம்பிக்குள் வந்தது. இப்போதும் மாரி வெள்ளம் பல குடும்பங்களைப் பாடசாலைக் கட்டடங்களுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் தொலைந்துபோவது கிளினிக் அட்டை. "எங்கடை இடத்து மருத்துவமாதுவிடம் பதிந்தது, இங்கே எப்படிப் போவது?" என்று சொல்லி நடு மாதங்களைக் கடத்திவிடுகிற தாய்மார் பலர்.

நீங்கள் இன்று எங்கே தங்கியிருக்கிறீர்களோ அந்தப் பகுதியின் மருத்துவமாதுவே உங்களுக்குரியவர். 1926 இல் களுத்துறையில் தொடங்கி நாடெங்கும் பரவிய இந்த முறையில் வீடு தேடி வருவதும் அவர்களுடைய கடமை. அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள், கேட்பது பிச்சையல்ல. இம்மாதங்களில் மாதம் ஒருமுறையாவது இரத்த அழுத்தமும் நிறையும் பார்க்க வேண்டும். முதற் கர்ப்பத்தில் ஏற்புத் தடுப்பூசியைத் தொடங்குவதும் இக்காலத்திலேதான். முன்பு போட்டதா என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். 18 முதல் 22 கிழமைக்குள் ஸ்கானும், 24 முதல் 28 கிழமைக்குள் சீனிப் பரிசோதனையும் பற்றிக் கேளுங்கள். அட்டையைக் காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். ஓடும்போது கையில் எடுப்பது அந்தப் பையைத்தானே.

கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாத குறிகளும் உண்டு. இரத்தம் படுதல், நீர் வடிதல், விடாத தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், சலம் போகும்போது எரிவு, வயிறு விட்டுவிட்டு இறுகி நோதல், தெரிந்துவந்த துடிப்புக் குறைதல் அல்லது நின்றுபோதல் என்பவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

காணியை இழந்தோம்; கிணற்றை இழந்தோம்; மாடு கன்றை விட்டு வந்தோம். அவற்றில் எதையும் இழக்கச் சொல்லி எவரும் எம்மிடம் அனுமதி கேட்கவில்லை. ஆனால் எமது கையிலே உள்ள மூன்று மாதங்களை நாமே இழந்துவிடக் கூடாது. இன்று இரவு சட்டி இறக்கப்படும்போது, உங்கள் வீட்டுக் கர்ப்பிணியின் கோப்பையை முதலில் நிரப்புங்கள். விடிந்ததும் குடத்தை வேறொருவர் எடுங்கள்.