பெரிய மனுஷன் குதிரைக்கு மட்டுமா?

2022 குடியரசு தினத்தன்று ஓய்வுபெற்ற விராட் குதிரையை ஜனாதிபதி கோவிந்தும் பிரதமர் மோடியும் தடவிக்கொடுத்து வழியனுப்பினாங்களே, அந்தப் பேச்சு நேத்து திரும்ப வந்தது. 13 அணிவகுப்புல நடந்த குதிரை. "ஒரு குதிரைக்கு இவ்ளோ சீனா?"ன்னார் நண்பர்.

சீன் இல்லை சார், அது நன்றி. என் கோபமே வேற. அந்த நன்றி ஏன் பெரிய இடத்துக் குதிரையோட நின்னுபோகுது?

முதல் உலகப்போருக்கு ஆஸ்திரேலியா அனுப்பின குதிரைங்க லட்சத்துக்கும் மேல. ஊர் திரும்பினது சாண்டி ஒண்ணே ஒண்ணு. அதுவும் தளபதி பிரிட்ஜஸோட குதிரைங்கறதால! போர்ல பிழைச்ச மத்ததை வித்தாங்க, சிலதைச் சுட்டாங்க. வருஷக்கணக்கா அதுங்களோட கிடந்த சிப்பாய்கிட்ட யாராவது கேட்டாங்களா?

அவ்ளோ தூரம் எதுக்கு? எங்க தெருவுல ஜட்கா ஓட்டின பாய், பதினெட்டு வருஷம் வச்சிருந்த குதிரையை வித்தார். ஆட்டோ வந்தப்புறம் சவாரி ஏது? வாங்கினவன் கயித்தைப் பிடிச்சதும், மடியில இருந்த கொள்ளை ஒரு கை ஊட்டிட்டு, உள்ளே போய் கதவைச் சாத்திக்கிட்டார். மூணு நாள் வெளியே வரலை. "கிழட்டுக் குதிரைக்கு இவ்ளோ அழுகையா"ன்னு தெருவே சிரிச்சது.

சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.