தாளின் நிறம்

நீச்சலுடைப் பெண் ஒருத்தியின் கோட்டோவியம். 1950களில் அமெரிக்காவில் வரையப்பட்ட ஃபேஷன் ஓவியம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தொகுப்பில் இருந்தது. வங்கியில் சாப்பாட்டு நேரத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த தோழர் ஒருவர், 'என்ன தோழர், நீங்களுமா இந்த ஆபாசத்த...' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கத்தில் முன்னால் நிற்கிறவர்தான். பெண்ணின் தொடை தெரிந்தால் போதும், அவருக்குள்ளிருந்து மனு எட்டிப் பார்த்துவிடுகிறான்.

எனக்கும் அந்தப் படம் ஆபாசமாகத்தான் பட்டது. காரணம் வேற.

தலையைப் போல ஒன்பது மடங்கு உயரம் அவளுக்கு. நமக்கெல்லாம் ஏழு, ஏழரைதான். காலை இழுத்து நீட்டி உண்டாக்கிய அழகு. அதுகூடப் போகட்டும். உடைக்குச் சிவப்பு பூசிய ஓவியர் தோலுக்கு எதையுமே பூசவில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டார். தாளின் வெள்ளையே அவள் தோல். கறுப்புப் பெண்ணை வரைவதென்றால் தூரிகையைத் தனியாக நனைக்க வேண்டும். வெள்ளைக்காரி தாளோடேயே பிறந்துவிடுகிறாள்.

கடலையும் வரையவில்லை. எதுக்கு வரையணும்? தண்ணீர் அவளுடையதுதானே.

அந்த வருடங்களில் மிசிசிப்பி மாநிலத்து பிலக்ஸி கடற்கரையில் கறுப்பர்கள் கால் நனைக்க முடியாது. பொதுப்பணத்தில் போட்ட மணல். மருத்துவர் கில்பர்ட் மேசன் 1959 மே மாதம் சிலரோடு இறங்கினார், போலீஸ் வெளியேற்றியது. 1960 ஏப்ரல் 24 அன்று 125 பேர் இறங்கினார்கள். வெள்ளைக் கும்பல் தடிகளாலும் சங்கிலிகளாலும் அடித்தது.

1964 ஜூன் 18, புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின். ஒரு விடுதியின் நீச்சல்குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குதித்தார்கள். விடுதிக்காரர் அமிலத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற்றினார். புகைப்படம் இருக்கிறது. 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கரும் மக்களும் தண்ணீர் குடித்த பிறகு சாதி இந்துக்கள் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்களே, அதேதான். அங்கே மாட்டு மூத்திரம், இங்கே அமிலம்.

அந்தப் புகைப்படத்தில் ஒரு கறுப்பு இளம்பெண் வாய் பிளந்து கதறுகிறாள். அவளும் நீச்சலுக்கு இறங்கியவள்தான். அவள் உடையை எந்த ஃபேஷன் ஓவியரும் வரைந்து வைக்கவில்லை.

மறுநாள் அந்தப் படத்தைத் தோழரிடம் காட்டினேன். முகத்தைத் திருப்பவில்லை. வெகுநேரம் பார்த்தார். 'எங்க ஊர்லயும் கெணத்துல சீமெண்ணெய ஊத்துனாங்க தோழர்' என்றார்.

'யாரு ஊத்துனது?' என்று கேட்டேன்.

கவுண்டரில் ஆள் நிற்பதாகச் சொல்லி எழுந்துபோனார்.